பூனைக்கு வன்மம் உண்டா? டம்ளர், விடிகாலை, மெத்தை, மற்றபடி எல்லாமும்

கேள்வி
மார்ச் 3, இரவு 11.50

பூனைக்கு வன்மம் உண்டு என்பது என் கட்சி. மேசை ஓரத்து டம்ளரை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறது. விடிகாலை நாலரைக்கு மூக்கின் மேல் கால் வைக்கிறது. லிட்டர் பாக்ஸ் (மணல் நிரப்பிய அதன் கழிப்பெட்டி) சுத்தமாக இருக்கும்போதே மெத்தையில் போகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். "செல்லம், பாவம்" என்றெல்லாம் வராதீர்கள்.

மார்ச் 4, காலை 6.15

மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்த்தால் வழக்கு நிற்காது.

முதலில் டம்ளர். பூனை எதையும் முன்காலால் தட்டித்தான் சோதிக்கும். தட்டியது அசைந்தால் அது இரை, அசையாவிட்டால் சாமான். டம்ளர் அசைகிறது, உருள்கிறது, விழுந்து சத்தம் போடுகிறது. அது போதாதென்று படுத்திருந்த மனிதர் ஒருவர் எழுந்து ஓடி வருகிறார். இவ்வளவு பலன் தரும் பொத்தானை யார் சும்மா விடுவார்? முகத்தைப் பார்ப்பது வன்மத்தால் அல்ல. பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: உடையாத, கனமான, அடி அகன்ற பாத்திரத்துக்கு மாறுங்கள். தள்ளும்போது திட்டாதீர்கள், எழாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். முதல் சில நாட்கள் தள்ளல் கூடும், இரண்டு மடங்காகக்கூட ஆகும். பொத்தான் வேலை செய்யாவிட்டால் நாமும் லிஃப்ட் பொத்தானை ஏழெட்டு முறை அமுக்குவோம் அல்லவா, அதேதான். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். நான்காம் நாள் பொறுக்காமல் எழுந்துவிட்டால், "நான்கு நாள் விடாமல் தள்ளினால் ஆள் வரும்" என்று கற்றுக்கொடுத்தவர் நீங்களே.

மார்ச் 4, காலை 6.40

நாலரை மணி விவகாரம். பூனை முழு இரவு விலங்கும் அல்ல, பகல் விலங்கும் அல்ல. விடியலும் அந்தியும்தான் அதற்குச் சுறுசுறுப்பான வேளை. ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கிவிட்டு, மிச்ச நேரத்தில் பெரும்பங்கை அந்த இரண்டு வேளைகளில் செலவழிக்கும். நாம் கண்ணை மூடிக் கிடக்கிறோம் என்பதற்காக அதற்கும் பூலோகம் இருண்டுவிடாது.

வேட்டை, தீனி, நக்கிக்கொள்ளல், தூக்கம். பூனையின் உடல் இந்த வரிசைப்படி நடக்கும். இரவு படுக்கும் முன் அந்த வரிசையை நாமே நடத்திக்கொடுக்க வேண்டும். குச்சியில் இறகு கட்டிய பொம்மையால் 10–15 நிமிடம் ஆட்டம். பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், எந்த எலியும் பூனையை நோக்கி ஓடாது. அதைவிட்டு விலக்கி இழுங்கள், சோபாவுக்குப் பின்னால் பாதி மறையுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். கடைசி இரண்டு முறை பிடிக்க விடுங்கள். உடனே நாளின் பெரிய சாப்பாட்டை வையுங்கள். அரை மணியில் நக்கி முடித்துச் சுருண்டுவிடும்.

லேசர் புள்ளியை மட்டும் வைத்து விளையாடுவது சரிவராது. பிடிக்க ஒன்றுமே இல்லாததால் வேட்டை முடிவதில்லை. சில பூனைகள் அப்புறம் சுவரில் விழும் நிழலையெல்லாம் துரத்த ஆரம்பிக்கும். லேசர்தான் வேண்டுமென்றால் கடைசிப் புள்ளியை ஒரு தீனித் துண்டின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

இது போதாதென்றால் தானியங்கித் தீனிப்பெட்டி. பூனை எழுப்பும் நேரத்துக்கு அரை மணி முன்பாக வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை 10 நிமிடம் தள்ளிக்கொண்டே போங்கள். கோபம் இனி பெட்டியின் மேல்தான்.

மார்ச் 4, காலை 7.05

கோபம் பெட்டியின் மேல் என்று எழுதியதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. பெட்டியைக் கவிழ்க்கும். சுவர் மூலையில் வைத்து, அடியில் கனமான பலகையில் பட்டையால் கட்டுங்கள். மூடியில் கொக்கி இல்லாத பெட்டி ஒரு வாரம் தாங்காது. தீனி விழும் துளைக்குள் கையை விட்டு ஒவ்வொரு மணியாக எடுக்கும் பூனைகள் உண்டு. துளை வளைந்து இறங்கும் மாதிரி பார்த்து வாங்கவும்.

இன்னொன்று, இது விளையாட்டல்ல. பத்து வயது தாண்டிய பூனை திடீரென்று இரவில் ஊளையிட ஆரம்பித்தால் அதைப் பழக்கம் என்று விட்டுவிட வேண்டாம். தைராய்டு மிகைப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் மருத்துவர் பார்க்கட்டும்.

மார்ச் 4, இரவு 9.30

மெத்தை. இதை எழுதத் தனியாக உட்கார வேண்டியிருந்தது, இழையில் முக்கியமானது இதுதான்.

"கோபத்தில் போகிறது" என்ற முடிவுக்கு வரும்முன் உடம்பைப் பாருங்கள். அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டுச் சொட்டாக வந்தால் அல்லது வரவே இல்லை என்றால் சிறுநீர்ப் பாதையில் கோளாறு. ஆண் பூனையின் பாதை குறுகலானது. முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். "காலைவரை பார்ப்போம்" என்று தள்ளக்கூடாத சில விஷயங்களில் இது ஒன்று. மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்துவதுதான் வழக்கமான தவறு.

உடம்பு சரியென்றால் பாக்ஸ். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள், அத்தனை பாக்ஸ் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூலையில் வரிசையாக அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். நீளம், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து அதில் ஒன்றரை மடங்கு. கடையில் பூனைக்கென்று விற்பவற்றில் பாதி இதற்கு எட்டாது, துணி வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக்கொள்வது மேல். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்க மறக்க வேண்டாம். மணல் 5–7 செ.மீ. ஆழம். மிகக் குறைந்தால் அடியில் ஒட்டிக்கொண்டு நாறும். மிகக் கூடினால் கால் புதையும், வயதான பூனைக்குப் பிடிக்காது. வாசனை சேர்த்த மணல் நம் மூக்குக்காகத் தயாரித்தது. பூனைக்கு அது பூக்கடைக்குள் கழிப்பறை.

ஒரு நாளைக்கு இரண்டு முறை அள்ள வேண்டும். "சுத்தமாக இருக்கும்போதே" என்கிறீர்களே, யாருடைய அளவுகோலில்? உள்ளே ஏற்கெனவே இரண்டு உருண்டை கிடந்தால் உங்களுக்குச் சுத்தம், அதற்கு அல்ல.

மெத்தை ஏன்? மென்மையாக இருக்கிறது, உறிஞ்சுகிறது, உயரத்தில் இருப்பதால் யார் வருகிறார்கள் என்று தெரிகிறது. நல்ல லிட்டர் பாக்ஸுக்குரிய லட்சணங்களில் பாதி மெத்தைக்கு உண்டு. அதுதான் விஷயம்.

கறையை அம்மோனியா உள்ள திரவத்தால் துடைக்காதீர்கள், அந்த நெடி பூனைக்குச் சிறுநீர் நெடி மாதிரியே இருக்கும். "இங்கே போகலாம்" என்று பலகை மாட்டிய கணக்கு. நொதி உள்ள திரவத்தை மெத்தைக்குள் இறங்கிய ஆழம்வரை நனையும்படி ஊற்றி, துணியால் ஒற்றாமல், தானாகக் காய விடுங்கள். மேலாகத் தெளித்துத் துடைத்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

மார்ச் 5, காலை 8.10

கேட்டவர் தனியாக எழுதியது: "சரி, மெத்தைக்கு மன்னிப்பு. டம்ளருக்குக் கிடையாது." நியாயம்.

மார்ச் 5, மாலை 5.45

விசைப்பலகை மேல் ஏன் படுக்கிறது என்று ஒருவர் கேட்டார். கவனம் வேண்டும் என்பது பாதிக் காரணம். மீதி வெப்பம். உடல் கூடுதலாகச் சக்தி செலவழிக்காமல் சூட்டைக் காத்துக்கொள்ள நமக்குத் தேவைப்படுவதைவிடப் பூனைக்குச் சூடான சூழல் வேண்டும், ஏறக்குறைய 30 முதல் 38 பாகை செல்சியஸ்வரை. நமக்கு வியர்க்கிற அறை அதற்கு இப்போதுதான் இதமாகிறது. மடிக்கணினி அதன் கண்ணில் வெந்நீர்ப் பை.

விரட்டிப் பயனில்லை, மாற்று இடம் கொடுங்கள். கணினிக்கு ஒரு சாண் தள்ளி, விளிம்பு உயர்ந்த அட்டைப்பெட்டி, உள்ளே நீங்கள் உடுத்திக் கழற்றிய துவைக்காத சட்டை. பெட்டிக்குள் போனதும் ஒரு தீனித் துண்டு. விசைப்பலகை மேல் ஏறினால் பேசாமல் தூக்கி இறக்குவது மட்டும். இதிலும் தவறு அதேதான்: ஏறியதும் தீனியைக் காட்டி இறக்கினால், இறங்குவதற்காகவே ஏறும்.

பெட்டி ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், தரையில் நான்கு மூலைகளில் மட்டும் வெட்டிய வட்டங்களை ஒட்டி, இல்லாத சதுரத்தை இருப்பதுபோலக் காட்டினார்கள். கோடே இல்லாத அந்தச் சதுரத்துக்குள்ளும் பூனைகள் போய் உட்கார்ந்தன. 2017இல் பூனை திடமா திரவமா என்று ஆராய்ந்த கட்டுரைக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, இயற்பியல் பிரிவில் கிடைத்தது. கிண்ணத்தில் ஊற்றியதுபோல் கிடக்கும் பூனைப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் பரிசு தாமதமாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 5, இரவு 10.20

சோபாவைக் கிழிப்பது பற்றிய கேள்விக்கு. கிழிப்பது நகத்தின் பழைய உறையைக் கழற்ற, உடம்பை நீட்ட, பாதத்தின் மணத்தைப் பதிக்க. தரையில் பிறை வடிவில் கிடப்பது உடைந்த நகம் அல்ல, கழன்ற உறை. பயப்பட வேண்டாம்.

தூண் செய்யுங்கள். பின்காலில் நின்று முழுதாக நீட்டும் உயரம் வேண்டும், 80 செ.மீ. குறைந்தபட்சம். 10 செ.மீ. விட்டமுள்ள மரக்கட்டை, அடியில் 50க்கு 50 செ.மீ. பலகை. பிவிசி குழாய் என்றால் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கிப் பசை தடவாமல் சுற்றாதீர்கள், மூன்றே வாரத்தில் கயிறு பாவாடைபோல் கீழே இறங்கிவிடும். 8 மி.மீ. கற்றாழை நார்க் கயிறு. ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் சுத்தியலால் கீழ்நோக்கித் தட்டி நெருக்குங்கள். 80 செ.மீ. உயரத்துக்கு 100 சுற்று, ஒரு சுற்றுக்கு 31.4 செ.மீ., மொத்தம் சுமார் 31 மீட்டர்.

தூண் ஆடினால் ஒருமுறைதான் தொடும், அப்புறம் சோபாதான். கிழித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தூணை வையுங்கள். அழகுக்காக அறைக்கோடியில் ஒதுக்கினால் அது துணி மாட்டும் தூணாகிவிடும்.

மார்ச் 6, காலை 7.00

திருத்தம். 31 மீட்டர் தவறு. கட்டையின் விட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், கயிற்றின் தடிமனை விட்டுவிட்டேன். கயிற்றின் நடுக்கோட்டுக்கு விட்டம் 10.8 செ.மீ., ஆக ஒரு சுற்றுக்கு 33.9. நூறு சுற்றுக்கு 34 மீட்டர். 35 வாங்குங்கள். 31 வாங்கியவரின் தூணில் உச்சியில் சுமார் 7 செ.மீ. கட்டை தெரியும். பூனை அங்கேதான் கை வைக்கும்.

மார்ச் 6, மதியம் 1.15

மாத்திரை. பூனைக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று கேட்டவர் "இரண்டு பேர், ஒரு போர்வை, தோல்வி" என்று மட்டும் எழுதியிருந்தார். புரிகிறது.

மேசை மேல் வழுக்காத துண்டு. பூனையின் பின்புறம் உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், பூனை பின்னோக்கித்தான் தப்பும். நகம் வருமென்றால் கழுத்துக்குக் கீழே முழுவதையும் துண்டால் இறுகச் சுற்றுங்கள். இடது கையை மேலிருந்து தலையில் கவிழ்த்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கன்ன எலும்பில் பதிய, மூக்கு கூரையைப் பார்க்கும்படி சாய்த்தால் கீழ்த்தாடை தானே சற்றுத் தளரும். வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரலில் மாத்திரை. நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தித் திறந்து, நாக்கின் பின்மேட்டில் போடுங்கள். வாயை மூடி, தலையை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

நாக்கின் முன்பாதியில் விழுந்தால் கசப்பு பரவி நுரை தள்ளும். பார்க்கப் பயங்கரம், விஷம் அல்ல. சிறிது நேரம் விட்டுவிடுங்கள். துப்பிய மாத்திரை நாளை மறுநாள் சோபாவுக்கடியில் கிடைக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது இன்னொன்று கொடுக்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கூடாது, பூனையைக் கொல்லும்.

மார்ச் 6, மதியம் 1.40

முக்கியமானது விட்டுப்போயிற்று: மாத்திரைக்குப் பின் தண்ணீர். ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி., கோரைப்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. உலர் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டி நின்றுவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அப்படி நின்றால் குழாயைப் புண்ணாக்கி, நாளடைவில் குறுக்கிவிடும். மேலே எழுதிய ஆறு படிகளையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மார்ச் 6, இரவு 8.00

இனிப்பில் ஒளித்துக் கொடுக்கலாமா என்றால், பயனில்லை. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அந்தச் சுவையுணர்விக்கான மரபணு ஒன்று செயலிழந்துவிட்டது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். ஐஸ்கிரீமை நக்குவது கொழுப்புக்காக.

மார்ச் 7, காலை 9.25

உறுமல்போன்ற அந்தக் கர்ர்ர் எப்போதும் திருப்திதான் என்று எழுதிய நண்பருக்கு: வலியிலும் பயத்திலும்கூட வரும். பசிக்கு வரும் கர்ர்ர் தனி வகை. 2009இல் வந்த ஆய்வின்படி, தாழ்ந்த ஒலிக்குள் 220–520 ஹெர்ட்ஸில் ஓர் அழுகுரல் கலந்திருக்கும், கிட்டத்தட்ட கைக்குழந்தை அழும் சுருதி. பூனை வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகக் கேட்டது. வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம். அந்த மொழி நமக்கென்று வைத்திருப்பது.

மார்ச் 7, காலை 9.50

தீனியைத் தேடி எடுக்கும் புதிர்ப் பொம்மை கொடுத்தால் நாலரை மணி பிரச்சினை தீருமா? ஓரளவு. ஆனால் எதிர்பார்ப்பைக் குறையுங்கள். எலி, கிளி முதலானவை சும்மா கிடைக்கும் தீனி இருக்கும்போதும் உழைத்துத் தின்ன விரும்பும். 2021இல் பூனைகளைச் சோதித்தார்கள். தட்டில் இருந்ததைத்தான் பெரும்பாலும் தின்றன. தட்டை எடுத்துவிட்டுப் புதிரை மட்டும் வையுங்கள். முதல் வாரம் துளைகளைப் பெரிதாக வையுங்கள், இல்லாவிட்டால் முயற்சியைக் கைவிட்டு உங்கள் மூக்கிடமே வரும்.

மார்ச் 7, இரவு 11.10

இழை தடம் மாறிவிட்டது, நானும் கூடவே போகிறேன். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வைத்தவர் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அதன் வேரைப் பிடுங்கினால் பூனை வந்து முகத்தைத் தேய்த்துப் புரளும். பூனைகளை மயக்கும் கேட்னிப் செடியில் நெப்பெடலாக்டோன் என்ற சேர்மம் செய்யும் வேலையை இதில் அதன் உறவுச் சேர்மங்கள் செய்கின்றன. கேட்னிப்புக்கு எல்லாப் பூனையும் மயங்காது, மூன்றில் ஒன்றாவது சும்மா பார்த்துவிட்டுப் போகும். குட்டிகளுக்கு வேலை செய்யாது. மயக்கம் பத்து நிமிடம் அளவில், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் ஏறாது. கேட்னிப் தூளைத் தூண் கயிற்றில் தேய்த்தால் சோபாவிலிருந்து தூணுக்கு மாற்றச் சுலபம். குப்பைமேனியை மோப்பத்தோடு நிறுத்துங்கள், தின்னக் கொடுக்க வேண்டாம்.

மார்ச் 8, காலை 6.30

ஆரஞ்சு நிறப் பூனைகள் எல்லாம் கொஞ்சம் அசடு என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். அசட்டுக்குச் சான்று இல்லை. ஐந்தில் நான்கு ஆண் என்பதற்கு உண்டு. நிறம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு ஒன்று போதும், பெண்ணுக்கு இரண்டும் வேண்டும். அதற்குக் காரணம் ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுப் பகுதியில் விடுபட்டுப்போன ஒரு சிறு துண்டு என்று 2025இல் அச்சில் வந்தது. மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாக இருப்பதும் இதனால்தான்.

மார்ச் 8, மாலை 4.00

கழிப்பறைத் தாளை அவிழ்க்கும் பூனைக்கு: தாளின் நுனி சுவர்ப்பக்கம் தொங்கும்படி மாட்டுங்கள். முன்பக்கம் கீழ்நோக்கிச் சுரண்டினால் சுற்றிக்கொள்ளும், அவிழாது.

மார்ச் 8, மாலை 4.20

அடியிலிருந்து மேல்நோக்கிச் சுரண்டும் பூனைக்கு மேற்கண்ட யோசனை பலிக்காது. சுருளை மாட்டுமுன் ஒருமுறை கையால் நசுக்கி முட்டை வடிவாக்குங்கள். தடதடவென்று உருளாது. சுவாரசியம் போய்விடும்.

மார்ச் 8, இரவு 9.15

எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்று யாரோ. 1894இல் பிரெஞ்சு அறிவியலாளர் மாரே எடுத்த தொடர்படங்களிலேயே தெரியும்: முன்கால்களை மடக்கி முன்னுடலைத் திருப்பும், பிறகு முன்கால்களை நீட்டிப் பின்னுடலைத் திருப்பும். திரும்பிவிடும் என்பதால் அடிபடாது என்றாகாது. தாடை, நெஞ்சு, கால் எல்லாம் உடையும். 1987இல் நியூயார்க் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளின் கணக்கைக் காட்டி "90 சதவீதம் பிழைத்தன" என்பார்கள். அது மருத்துவரிடம் கொண்டுவரப்பட்ட பூனைகளின் கணக்கு. விழுந்த இடத்திலேயே செத்ததை யார் தூக்கிக்கொண்டு வருவார்? ஜன்னலுக்குக் கம்பி வலை போடுங்கள். கொசு வலையைப் பூனை தள்ளிப் பிய்த்துவிடும்.

மார்ச் 9, காலை 7.30

பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற பழைய கேள்விக்குப் பதில்: நீங்கள்தான், ஆனால் இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கியுள்ள பட்டையில். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். தளர்வாகக் கட்டினால் முன்கால் மாட்டி அக்குளை அறுக்கும். மணி இருந்தால் பிடிபடும் பறவைகள் குறையும், நின்றுபோகாது.

மார்ச் 11, இரவு 10.05

கேட்டவரிடமிருந்து செய்தி: தூண் தயார், கயிற்றில் ஒரு மீட்டர் மிச்சம், பூனை அதனோடுதான் விளையாடுகிறதாம். உடனே எடுத்துப் பூட்டிவையுங்கள். நாக்கின் முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம், விழுங்கத்தான் செய்யும். உள்ளே போனால் குடலைச் சுருக்குப்பைபோல் இழுத்து அறுக்கும். வாயிலோ பின்னாலோ நுனி தொங்கினால் இழுக்கவே கூடாது. வெட்டவும் வேண்டாம், அப்படியே மருத்துவரிடம்.

டம்ளர் ஒன்பதாம் நாளும் விழுகிறதாம். நடுவில் யாராவது எழுந்து பார்த்தீர்களா?

மார்ச் 11, இரவு 10.20

"ஐந்தாம் நாள், ஒரே ஒருமுறை" என்கிறார். இன்றிலிருந்து முதல் நாள்.